அசைந்தால் என்ன ஆகும்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்திருந்த ஒரு புதன்கிழமை அது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு மீனவர் குப்பத்துக்கு அன்றுதான் முதல்முறையாகப் போனேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு செங்கல்பட்டில். காலையில் அங்கேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைப் பக்கம் வந்து, பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பேன். அப்போது எனக்குப் பதினெட்டு வருட அனுபவம். "அந்தம்மா கை வெச்சா எழுந்து நடந்துடுவாங்க" என்று யாராவது சொல்வது காதில் விழும். விழாத மாதிரி இருந்துகொள்வேன். உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து என்னைப் படிக்கவைத்தவர்கள். எங்கள் தெருவில் முதன்முதலாக வெள்ளைக் கோட்டு போட்டவள் நான். அதனாலோ என்னவோ, என் வேலையில் தோற்றுப்போவது என்பதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியாது.

நான் தேடிப்போன வீட்டில் படுத்திருந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கரையில் ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் சுமந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை, கரையில் நின்றபோதே வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம். பிறகு வீடு. பேச்சு கொஞ்சம் குழறியதோடு சரி, சீக்கிரமே தெளிந்துவிட்டது. காலிலும் பலம் திரும்பியிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த தாளில் "நிற்கவைத்து நடக்கப் பழக்கவும்" என்று தெளிவாக இருந்தது.

ஆனால் அக்கா கட்டிலை விட்டு அசையவில்லை. வலது கையை மடக்கி, ஒரு துண்டால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டியிருந்தார். பாத்ரூம் போவதற்குக்கூட அவருடைய கணவர்தான் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார். அவர் சொந்தமாக ஃபைபர் படகு வைத்துத் தொழில் பார்ப்பவர். மனைவி படுத்ததிலிருந்து கடலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

"காலை நீட்டுங்கக்கா" என்றால், "வலிக்கிதும்மா" என்பார். "உட்காருங்கக்கா" என்றால், "நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்பார். கையை அவிழ்க்கலாம் என்று துண்டின் முடிச்சைத் தொட்டாலே உடம்பு விறைத்துக்கொள்ளும், கண் கலங்கிவிடும்.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் இதே கதை. முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவது எனக்கு ஆத்திரமாக இருந்தது. என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே, "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன்.

நான்காவது முறை போன அன்று, நான் செய்ததை இங்கே மறைக்காமல் சொல்கிறேன்.

அன்று கிளினிக்கில் ஏதோ வாக்குவாதம். சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். போனதும், "இன்னைக்கு நீங்க சொல்றத நான் கேக்கப் போறதில்லக்கா. இப்படியே கட்டிவெச்சா தோள் இறுகிப்போயிடும். கொஞ்சம் வலிக்கும், பல்லக் கடிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே துண்டை அவிழ்த்தேன். அவர் "வாணாம்மா, வாணாம்மா" என்று சொல்லச் சொல்ல, மணிக்கட்டைப் பிடித்துக் கையை மேலே தூக்கினேன்.

பக்கவாதம் வந்த கையை அப்படித் தூக்கக்கூடாது. முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கே தெரியும். தோள்பட்டையைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லத்தான் நகர்த்த வேண்டும். எனக்குத் தெரியாததில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

அக்கா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கை, கால், தாடை எல்லாம் நடுங்க, இடது கையால் என்னைத் தள்ளிவிட்டு, "என்னக் கொல்லத்தான் வந்தியா நீ?" என்று கதறினார். நான் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள், "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். அவருடைய கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"யம்மா, நீ தப்பா எடுத்துக்காத. தோளு வீங்கிப்போய்க் கீது. டாக்டராண்ட காட்டினோம், எலும்புக்கு ஒண்ணுமில்லன்னு மாத்திர குடுத்தாரு. அதில்லம்மா விஷயம். உன் வண்டி சத்தம் தெருமொனையில கேட்டிச்சின்னாலே அவ நடுங்கறா. இப்பக்கூடப் பாரு, உள்ள நடுங்கிகினு கீறா. நீ போயிடும்மா."

என் வண்டிச் சத்தத்துக்கு ஒரு மனுஷி நடுங்குகிறாள். அன்று செங்கல்பட்டு வரை எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கிளினிக்கில் மனநல ஆலோசகராக ஒரு பெண் சேர்ந்திருந்தார். படிப்பை முடித்து இரண்டு வருடம்கூட ஆகாதவர். மின்சார ரயிலில் தினமும் வந்து இறங்குவார், மெல்லிய குரல். உண்மையைச் சொன்னால் அவரை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கையையும் காலையும் பிடித்து வேலை செய்கிற எனக்கு, உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருப்பது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, பாரம் தாங்காமல் அவரிடம் கொட்டிவிட்டேன். புலம்பலாகத்தான் ஆரம்பித்தேன். "வலிக்கு இவ்வளவு பயந்தா எப்படிம்மா?" என்றேன்.

அவர் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வலிக்கு பயப்படறாங்களா, இல்ல வலிச்சா அதுக்கப்புறம் ஏதோ ஆயிடும்னு பயப்படறாங்களா மேடம்?"

"அதுக்கப்புறம் என்ன ஆகும்?"

"அதான் நானும் கேக்கறேன். அசைஞ்சா என்ன ஆகும்னு அவங்க நினைக்கறாங்க?"

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம், "எங்க வலிக்குது, எப்போ வலிக்குது" என்று கேட்டிருக்கிறேன். இதை ஒருவரிடமும் கேட்டதில்லை.

"நான் வந்து பாக்கலாமா?" என்றார் அவர். "ஆனா, மொதல்ல நீங்க போயி அவங்ககிட்ட பேசணும்."

அவர் சொன்னது புரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை எழுதுவது எளிதாக இருக்கிறது. அன்று எளிதாக இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் போனேன். வண்டியைக் கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு, குப்பம் வரைக்கும் நடந்தே போனேன். மழைச் சேற்றில் செருப்பு ஒட்டிக்கொண்டது. கணவர் என்னைப் பார்த்துத் திகைத்து, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "வரச் சொல்றா. கிட்ட மட்டும் போவாத" என்றார்.

கட்டிலுக்கு எட்டத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு என் மேலதான் தப்பு. அந்தக் கைய அப்படித் தூக்கியிருக்கவே கூடாது. அது எனக்கே தெரியும். தெரிஞ்சும் கோவத்துல பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு, "இத்தினி நாளா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போறேன். ஒரு கோட்டு போட்டவங்க வாயில 'என் தப்பு'ன்னு நான் கேட்டதில்ல" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. ஆலோசகரைப் பற்றிச் சொன்னேன். "தொடாம பேசுவான்னா இட்டுகினு வா" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். அந்தப் பெண் கையைக் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த மீன் எந்த ஊரில் நன்றாக விலைபோகும், செங்கல்பட்டுக்காரர்கள் மீன் வாங்கும்போது எப்படிப் பேரம் பேசுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா உற்சாகமாகி, செங்கல்பட்டுக்காரர்களைப் பிடிபிடி என்று பிடித்தார். அப்புறம்தான், "அன்னைக்குக் காலைல என்ன நடந்துச்சு, சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார். ஏலம் எடுத்தது சங்கரா மீன். கூடையைத் தலைக்குத் தூக்கக் கையை உயர்த்தியபோது கை தன்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. கூடை கவிழ்ந்து மீன் எல்லாம் மணலில். "அத்தப் பொறுக்கணும்னு குனிஞ்சேன் பாப்பா. குனிஞ்சவதான், எயுந்திரிக்கல." ஆட்டோ, ஆஸ்பத்திரி, யார் யாரோ ஓடுவது. பிறகு ஒரு பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்துத் தள்ளியது.

"அதாண்ட ஒரு ஆளு நின்னுகினு இருந்தான். நான் பயந்துகினு கைய ஆட்டினேன். அப்ப அவன் சொன்னான், 'யம்மா, அசையாத. அசைஞ்சா எல்லாம் போயிடும்'ன்னு."

"எது போயிடும்னு நீங்க நினைச்சீங்க?"

அக்கா அவரை விநோதமாகப் பார்த்தார்.

"உசுருதான். வேற இன்னா?"

ஸ்கேன் எடுக்கும்போது எல்லோருக்கும் சொல்வதுதான் அது. அசைந்தால் படம் கலைந்துவிடும், திரும்ப முதலிலிருந்து எடுக்க வேண்டும். அந்த ஊழியர் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாரோ. அவர் மேல் குற்றமே இல்லை. ஆனால் உயிர் போய்விடுமோ என்று துடித்துக்கொண்டிருந்த இந்த மனுஷியின் காதில் அது வேறு விதமாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டரை மாதமாக, கட்டிலில் அசையாமல் படுத்து, உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு வலியும் அவருக்கு, உள்ளே நரம்பு அறுகிற அடையாளம். நான் கையைத் தூக்கியபோது, நிஜமாகவே நான் கொல்ல வந்தவள்தான்.

கதவருகே நின்றிருந்த கணவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்டக்கூட சொல்லலியே நீ" என்றார்.

"சொன்னா நீயும் பயந்துப்ப. இன்னொரு தபா வந்திச்சின்னா நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?" என்றார் அக்கா.

ஆலோசகர் அவசரப்படவில்லை. ஸ்கேன் படத்தை எப்படி எடுக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அக்கா கடைசிவரை கேட்டார். புரிந்துகொண்டார் என்று முகத்தில் தெரிந்தது. எல்லாம் முடிந்தது, இனி எழுந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அக்கா சொன்னார்: "நீ சொல்றது சரி பாப்பா. மண்டைக்கிப் புரியுது. ஒடம்பு ஒத்துக்கணுமே."

"ஒடம்புக்கு பேசினா புரியாதுக்கா. அது செஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமா, நீங்க சொல்ற வேகத்துல" என்றார் அவர்.

அக்காவின் டாக்டரிடம் பேசி, எதுவரை செய்யலாம் என்று கேட்டுக்கொண்டோம். பிறகு வாரம் இரண்டு நாள் சேர்ந்து போனோம். எதை நினைத்தால் எவ்வளவு பயம் என்று ஆலோசகர் கேட்டபோது, ஒன்றிலிருந்து பத்துவரை என்ற கணக்கெல்லாம் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "கடல்ல எறங்கறாப்போல சொல்லட்டா?" என்றார். துண்டை அவிழ்ப்பது கணுக்கால் தண்ணீர். கட்டில் ஓரத்தில் உட்காருவது முழங்கால். நிற்பது இடுப்பு. கையைத் தூக்குவது கழுத்து. மணலில் நடப்பதைப் பற்றிக் கேட்டபோது, "அது ஆளு முயுவுற தண்ணி, அத்த இப்ப கேக்காத" என்றார்.

கணுக்காலில் ஆரம்பித்தோம். எதைச் செய்வதற்கு முன்பும் ஆலோசகர் அதே கேள்வியைத்தான் கேட்பார்: "இப்ப என்ன ஆகும்னு தோணுது?" "கண்ணு இருட்டும். வாய் கோணிக்கும்." செய்து முடித்ததும், "என்ன ஆச்சு?" என்று கேட்பார். அக்கா இடது கையால் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வாயைப் பார்ப்பார். ஈ என்று இளிப்பார். கோணவில்லை. "வலிச்சுதா?" "வலிச்சுது." "வேற?" "வேற ஒண்ணியும் ஆவல." அவ்வளவுதான். அடுத்த நாள் மறுபடியும் அதே கேள்வி, அதே கண்ணாடி. பார்க்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஒருநாள் கண்ணாடியை எடுக்க மறந்துபோனார். அன்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வலி பொய் என்று ஆலோசகர் ஒருபோதும் சொல்லவில்லை. தோள் இறுகியிருக்கிறது, நானும் அதைக் காயப்படுத்தியிருக்கிறேன், வலிக்கத்தான் செய்யும். ஆனால் வலிக்கிறது என்பதாலேயே உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை என்பதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று நாங்கள் திணறியபோது, கணவர்தான் கைகொடுத்தார்.

"இந்தா, மூணு மாசம் கரையில கெடந்த இன்ஜின இஸ்டார்ட் பண்ணா இன்னா பண்ணும்? கத்தும், பொகையும், குலுங்கும். ஒடஞ்சி பூடிச்சின்னா அர்த்தம்? ஓட ஓட சரியாப் பூடும். ஒன் தோளும் அப்பிடித்தான் கத்துது."

"இன்ஜினும் நானும் ஒண்ணா ஒனக்கு?" என்று அக்கா அவரைத் திட்டினார். ஆனால் மறுநாளிலிருந்து வலி வரும்போதெல்லாம், "கத்துடா, கத்து" என்று தோளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் நேராகப் போகவில்லை. கார்த்திகையில் ஒருநாள் நின்றவருக்குத் தலை சுற்றிவிட்டது. உடனே படுத்துக்கொண்டு, துண்டைக் கேட்டு வாங்கிக் கையைக் கட்டிக்கொண்டார். பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. பிரஷரைப் பார்த்தோம், டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை. அன்று அவர் காலையில் எதுவும் சாப்பிடவில்லை, அதுதான் காரணம். நான் சோர்ந்துபோனேன். இத்தனை நாள் உழைப்பு கடலில் போட்ட கல்லாகிவிட்டதே என்று தோன்றியது. அந்தச் சின்னப் பெண் மட்டும் அசரவில்லை. "பயம் திரும்பி வரும் மேடம். வந்தா, மொதல்லருந்து ஆரம்பிக்கறதில்ல, விட்ட எடத்துலருந்துதான் ஆரம்பிக்கறோம்" என்றார். அப்படியே நடந்தது.

இவ்வளவு நாளும் நான் அவரைத் தொடவில்லை. எட்டத்தில் நின்று, எப்படி அசைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பேன். அக்காவே இடது கையால் வலது கையைப் பிடித்து மேசை மேல் துணியை வைத்து நகர்த்துவார், அல்லது கணவர் தாங்கிக்கொள்வார். மார்கழி பாதியில் ஒருநாள், அக்கா என்னைப் பார்த்து, "நீ வந்து புடி" என்றார்.

நான் நம்பாமல் நின்றேன்.

"ஒன்னத்தான். எனக்கு இன்னொரு பயம் கீது பாரு, அது நீதான். அத்தயும் பாத்துடலாம். ஆனா, நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நிறுத்தறேங்கக்கா."

ஒரு கையால் தோள்பட்டையைத் தாங்கி, மறு கையால் முழங்கைக்குக் கீழே பிடித்து, ஒரு விரற்கடை தூக்கியிருப்பேன். "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். கையைக் கீழே இறக்கினேன். "திருப்பித் தூக்கு." தூக்கினேன். "நிறுத்து." நிறுத்தினேன். மூன்றாவது முறையும் அப்படியே. "ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கவேயில்ல. நீ நிறுத்திறியான்னு பாத்தேன்" என்றார் அக்கா. "இப்ப தூக்கு."

அன்று அந்தக் கை அவருடைய மார்பு உயரம் வரை வந்தது. முகம் சுருங்கியது, "கத்து, கத்து" என்று முணுமுணுத்தார், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கீழே இறக்கிவைத்தபோது அவர் புறங்கையில் ஏதோ ஈரமாகச் சொட்டியது. என் கண்ணிலிருந்துதான். "இன்னா, நீ ஏன் அயுவுற? வலி எனக்கா, ஒனக்கா?" என்று சத்தம்போட்டார்.

தை பிறந்தபோது வீட்டுக்குள் நடந்தார். கோல் ஊன்றித் தெருவுக்கு வந்தார். மாசியில் கடல் அமைதியான ஒரு காலையில், "கரைக்கிப் போவணும்" என்று அவரே சொன்னார். ஆள் முழுகும் தண்ணீர் என்று அவர் ஒதுக்கிவைத்த அந்த மணல்.

நாங்கள் மூவரும் கூட நடந்தோம். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். அக்காவைப் பார்த்ததும் மீன்காரப் பெண்கள் எல்லாம், "வந்துட்டியா! அடியே, வந்துட்டியா!" என்று சூழ்ந்துகொண்டார்கள். அந்த நெருக்கலில் யாரோ அவருடைய கோலைத் தட்டிவிட, கால் மணலில் புதைந்து, நான் எட்டிப் பிடிப்பதற்குள் அக்கா விழுந்துவிட்டார். முழங்கால் மடங்கி, பக்கவாட்டில், வலது தோள் பக்கமாகவே.

கூட்டம் அப்படியே உறைந்துவிட்டது. கணவர் தூக்கப் பாய்ந்தார். ஆலோசகர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒரு நிமிஷம்ணா" என்றார். ஆறு மாதமாக எதை நினைத்து நடுங்கினாரோ, அது கண்ணெதிரே நடந்துவிட்டது.

அக்கா மணலில் மெல்லப் புரண்டு உட்கார்ந்தார். இடது கையால் வாயைத் தடவிப் பார்த்தார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "வாய் கோணிச்சா பாரு" என்றார்.

"எங்க கோணிச்சி? எப்பவும் போல நீட்டாதான் கீது" என்றாள் அந்தப் பெண்.

அக்கா மணலைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உயுந்தா இம்மாந்தானா? இதுக்கா இத்தினி நாளு படுத்துகினு கெடந்தேன்?" என்றார். கரை முழுக்கச் சிரித்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு முழங்காலை ஊன்றி, கோலைப் பிடித்து, கணவரின் தோளில் கொஞ்சமாக, நிஜமாகவே கொஞ்சமாகத்தான், சாய்ந்து எழுந்து நின்றார். சேலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, ஏலம் விடுபவரைப் பார்த்து, "இன்னா, சங்கரா இன்னா வெல போவுது?" என்று கேட்டார்.

இப்போது அவர் கூடை தூக்குவதில்லை. சாலையோரத்தில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் விற்கிறார். கூடையைக் கொண்டுவந்து வைப்பது கணவர். வலது கை தோள் உயரத்துக்கு மேல் வரவில்லை, இனி வரும் என்றும் நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் தோள் வலிக்கிறதாம். அப்படி வலிக்கும் நாளில் கொஞ்சம் சீக்கிரம் கடையைக் கட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்து போகிறார். என் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் போனால், கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "ஏ டாக்டரம்மா, காணாங்கத்த மீனு எடுத்துகினு போ" என்று கத்துவார். பாதி நாள் எனக்கு அவசரம் இருக்கும், இருந்தாலும் நிறுத்துவேன்.

அந்த ஆலோசகருக்கு இப்போது வேறு ஊரில் வேலை. நானும் என் வேலையை அவரைப் பார்க்கும் முன்பு செய்தது மாதிரி செய்வதில்லை. புதிதாக ஒருவர் வீட்டுக்குப் போனால் முதல் நாள் யாரையும் தொடுவதில்லை. உட்கார்ந்து பேசுகிறேன். அசைந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், குனிந்தால் மூளையில் ரத்தம் இறங்கிவிடும் என்றார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நிறையப் படித்தவர், தும்மினால் மூளை நரம்பு வெடித்துவிடும் என்று தும்மலை அடக்கி அடக்கியே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். எதையும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்டிருக்கவுமில்லை.

மனிதர்களின் கை கால்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று பதினெட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் பயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ள, ஒருவர் என்னைக் கண்டு நடுங்க வேண்டியிருந்ததே என்று நினைத்தால் இன்றும் தலை குனிகிறது, அவரே "நீ வந்து புடி" என்று என்னைக் கூப்பிட்டதை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது.